சம்பளப் புத்தகம், நாலாம் டிவிஷன்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடையின் மேல்மாடியில்
மில்லோ டின்களுக்கும் சைக்கிள் விளக்குகளுக்கும் இடையே
பதினேழு புத்தகங்கள்.
தோட்டம் தாமானாக மாறியபோது
கிராணி எரிக்காமல் விட்டவை.
அவருடைய மருமகன் எதிராஜூ சொன்னான்:
"கரையான் தின்னது போக மிச்சம், டாக்டர்.
எடுத்துக்குங்க. காசு வேணாம்."

நான் அந்த டாக்டர் இல்லை என்று
இந்த ஊரில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
ஊசி போடத் தெரியாது எனக்கு.
இருபத்திரண்டு வருடமாக
ஒரே ஒரு புரதத்தின் பின்னால் நடக்கிறேன்.
செல்லுக்குள் ஒரு கைனேஸ் வந்து
அதன் தலையில் ஒரு பாஸ்பேட்டை வைக்கும்.
வைத்தால் ஒரு சேதி, எடுத்தால் வேறு சேதி.
மகரத்தின் மேல் வைக்கிற புள்ளி மாதிரி என்று
கோலாலம்பூர்க் கூட்டம் ஒன்றில் சொன்னேன்.
அரங்கில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் புரொஜெக்டர்காரர்.
இருட்டில் தலையாட்டினார்.

செங்கமலம், வயது அறுபத்தாறு.
பத்தொன்பது வருடம் செம்பனைக்கு அடியில் மருந்தடித்தவர்.
முதுகில் பதினாறு லிட்டர் தொட்டி, மூக்கில் துண்டு.
என் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட
நாலு நிமிடம் ஆயிற்று.
இடது கை, இல்லாத ஒரு மாத்திரையை
உருட்டிக்கொண்டே இருந்தது.
பெயர் எறும்பு வரிசையாகத் தொடங்கியது.
கடைசி எழுத்தில் எறும்பும் இல்லை.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.
"கை நடுங்கினது ரெண்டாயிரத்துப் பன்னெண்டு.
ஆஸ்பத்திரி அட்டையில இருக்கு."
மகள் ஆற்றிக் கொடுத்த கோப்பியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிறகு:
"அதுக்கு ரொம்ப முந்தியே மருந்து வாடை தெரியாமப் போச்சு.
நல்லதாப் போச்சுன்னு இருந்தேன்.
மத்தவளுங்க வாந்தி எடுப்பாளுங்க.
எனக்கு மட்டும் பழகிடுச்சுன்னு
மண்டோர் பாராட்டினாரு."

எழுதுவதை நிறுத்திவிட்டேன்.
நடுக்கத்துக்கு முன்பே மோப்பம் போகலாம் என்பதை
பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தேன்.
அந்த வரிக்குள் ஒரு மண்டோர் நிற்பார்
என்று நினைக்கவில்லை.

இப்போது அளவுகோலும் டார்ச்சும்.
கைநாட்டுகளுக்கு நடுவே
தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் பழகிய எழுத்து.
1991 மார்ச்: முதலெழுத்தின் கொம்பு
கோட்டைத் தாண்டிச் சம்பளத் தொகையை இடிக்கிறது.
நாற்பத்தொரு மில்லிமீட்டர்.
1996: நாற்பது. மழை மாதம், மை கசிந்திருக்கிறது.
1999 கரையானுக்கு.
2003: முப்பத்து மூன்று.
2006: இருபத்து நாலு.
2008, கடைசிச் சம்பளம்: பதினேழு.
லகரம் ஒரு சுழி. மகரம் ஒரு கீறல்.
அதன் மேல் புள்ளி மட்டும்
தாள் கிழிய, பழைய பலத்தோடு.

கட்டுரையைத் திருத்துகிறவர் கேட்பார்:
அவசரமாக இருந்திருக்கலாமே?
பேனா மோசமாக இருந்திருக்கலாமே?
ஒரே ஒரு பெண்தானே?
நியாயமான கேள்விகள். நானே கேட்டிருப்பேன்.
அவரோடு மருந்தடித்த பதினாறு பேரும் கைநாட்டு.
கைநாட்டு சுருங்காது.
காரணம் என்று எழுத மாட்டேன், தொடர்பு என்றும்
இன்னும் எழுத முடியாது.
டயர் கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்றடிக்கிறார்கள்.
தரை அதிர்கிறது. அளவுகோல் நகர்கிறது.
மறுபடியும் பதினேழு.

போன வாரம் அவரிடம் விளக்கினேன்:
உங்கள் தோலில் மிளகளவு எடுத்து
நரம்புச் செல்லாக மாற்றி
ஒரு கிண்ணத்தில் வளர்க்கிறோம்.
உயிரோடு இருக்கின்றன.
ஒன்றுக்கொன்று சேதி அனுப்புகின்றன.

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"அதுங்களுக்கும் மருந்து அடிப்பீங்களா?"

ஆமாம் என்றேன். அதுதான் பரிசோதனை.

"அப்போ அதுங்களுக்காவது
ஒரு நல்ல மாஸ்க்கு வாங்கிக் குடுங்க."

அது சிரிப்பு என்று எனக்குத் தெரிய
சற்று நேரம் ஆனது.
முகத்துக்கு அது
மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.